"பயப்படாதே" என்று சொல்லுமுன்



திண்டிவனத்தில் நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி, தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்த ஏழாம் மாதத்தில், ஆராதனை முடிந்தபின் தயங்கியபடி என்னிடம் வந்தார். "ஐயா, பிரசவத்தை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது; இரவில் தூக்கமில்லை" என்றார். "பயப்படாதேம்மா, விசுவாசமாயிரு" என்று ஜெபித்து அனுப்பினேன். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பயம் நீங்கிற்று என்றே எண்ணினேன். விழுப்புரத்திலிருந்து அவருடைய தாயார் தொலைபேசியில் அழுதபோதுதான் விளங்கிற்று: நீங்கியது பயமல்ல, அதை என்னிடம் சொல்லும் துணிவு.

அன்றிரவு ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தை வாசித்தேன். ராகேலின் கடும் வேதனையில் மருத்துவச்சியும் பயப்படவேண்டாம் என்றே சொன்னாள். ஆனால் அவள் அருகிலிருந்து, கைகொடுத்தபடி சொன்னாள்; நானோ ஆலய வாசலில் நின்று சொன்னேன். அந்தப் பிரசவத்திலேயே ராகேல் மரித்தாள். ஆகவே பெண்களின் இந்தப் பயத்தை அவிசுவாசம் என்று தள்ளிவிட வேதம் நமக்கு இடங்கொடுக்கவில்லை.

அளவுகடந்த பிரசவ பயத்தை மருத்துவர்கள் டோக்கோஃபோபியா என்பார்கள். அதற்கு இணையவழிச் சிகிச்சையும் உண்டு. அச்சமூட்டும் எண்ணத்தை எழுதி, அது எவ்வளவு உண்மை என ஆராய்ந்து, அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழகுவதே அதன் வழி. ஸ்வீடனில் இதைச் சோதித்த ஓர் ஆய்வில் பெண்கள் பலர் பாடங்களை முடிக்காமலே விட்டார்கள். திரை மட்டும் போதாது. உடன்நடக்க ஒருவர் வேண்டும்.

2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் இலவச மனநல சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். அந்தச் சகோதரியும் அழைத்தார். பின்னர் ஓர் உளவியல் ஆலோசகரிடம் வாரந்தோறும் காணொளியில் பேசினார். பேருந்தில் அலையவேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் என் மனைவி அடுத்த அறையில் அமர்ந்திருப்பார். பிரசவ அறையையும் முன்கூட்டியே சென்று பார்த்துவந்தார்கள்.

பயம் முற்றிலும் அகலவில்லை. ஆனால் உறக்கம் திரும்பிற்று. பெண் குழந்தை பிறந்தது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் கர்ப்பிணி ஒருவர் பயத்தைச் சொன்னால், முதலில் செவிகொடுங்கள். பிறகு ஜெபியுங்கள், உதவி தேடவும் துணைநில்லுங்கள். அவரைத் தனியே விடாதிருங்கள்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.