சுண்ணாம்பு கேட்டுப் போன கதை

கோத்தா கோலா மூடாவில் காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. துங்கு யாக்கூப்பின் அரண்மனைக்கு வாசலாக இருந்தது என்று ஊரார் சொல்லும் பழைய நுழைவாயிலைப் பார்க்கத்தான் வந்தேன். அரண்மனை இல்லை, வாசல் மட்டும் நிற்கிறது.

என்னை மோட்டாரில் ஏற்றிவந்த தம்பிக்கு இருபத்து மூன்று வயது. சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயமும் போயிற்று. லாரியில் கெலிண்டான், அதாவது உதவியாள் வேலை பார்த்தான். நான்கு மாதமாக அதுவும் இல்லை.

"இந்த வாசலைப் பார்க்கவா பினாங்கிலிருந்து வந்தீங்க, அண்ணே?"

பதில் சொல்லாமல், திரும்பும் வழியில் ஒரு பழைய கடைவீட்டின் முன் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். ஐந்தடிப் பாதையின் தூணில் யாரோ புதிதாகச் சிமிண்டு பூசியிருந்தார்கள். விரல் மடக்கித் தட்டினேன். தொம் தொம் என்று பொய்யான சத்தம். ஓரத்தில் நகத்தால் கீறியதும் பூச்சு பலகையாகப் பெயர்ந்தது. பின்னாலிருந்து செங்கல் பொடி கொட்டியது, நடுநடுவே வெள்ளை வெள்ளையாக உப்பு.

தம்பி குனிந்து பார்த்தான். "புதுசாத்தானே இருக்கு, எப்படி உதிருது?"

கடலோர மண்ணின் ஈரம் செங்கல்லில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமிண்டு விடாது. ஈரம் உள்ளேயே தேங்கி, உப்புப் பூத்து, கல்லை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வெளியே பூச்சு கம்பீரமாக நிற்கும், உள்ளே கல் மாவாகிக்கொண்டிருக்கும். பழைய கட்டடங்களை அழிப்பதில் மழையைவிடக் கெட்டிக்கார ஆள் நல்லெண்ணத்தோடு சிமிண்டுச் சட்டியைத் தூக்கும் கொத்தனார்தான் என்பது என் கட்சி.

இதில் எனக்குப் பொறுக்காத சங்கதி ஒன்று உண்டு. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவருக்குப் பூசிய கலவையை ஆங்கிலேயர் 'மெட்ராஸ் சுனாம்' என்று எழுதிவைத்தார்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசியவர்கள் இந்தியக் கைதிகள். பினாங்கில் 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்புதான். சுனாம் என்பது நம் சுண்ணாம்பு. இன்று சுண்ணாம்பு வேலைக்கு ஆள் தேடும்போது அந்தக் கைதிகளின் பேரப்பிள்ளைகள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

வேலை இல்லாமலும் இல்லை. பட்டர்வொர்த் போய்ப் பெரி ஏறினால் ஜோர்ஜ் டவுன். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம், சுற்றுக் காப்பு வளையத்தோடு சேர்த்து 259 ஹெக்டேர், வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சுவர்கள். தம்பிக்குக் கிடைத்த பயிற்சிகளோ வேறு. "வெல்டிங், ஏர்கான், போர்க்லிப்ட்டு. எதுக்குப் போனாலும் இந்த மூணுதான்ணே."

வேறு மாதிரியும் செய்து காட்டியிருக்கிறார்கள். மணிலாவில் போர் தின்றுபோட்ட இந்திராமுரோஸ் கோட்டைக்குள் 2009இல் 'எஸ்கூவேலா தாயேர்' என்ற பட்டறைப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஸ்பெயினில் 1985இல், வேலையில்லாத இளைஞர்களுக்காக, கட்டடக் கலைஞர் பெரிதீஸ் ஆரம்பித்த ஏற்பாட்டின் வழி வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் கொத்து வேலை, தச்சு, இரும்பு வேலை கற்கிறார்கள். கற்பது வகுப்பறைப் பலகையில் அல்ல, உண்மையான பழைய சுவரில். அதுதான் நுட்பமே. மூன்று நாள் பட்டறை நடத்தி, போட்டோ பிடித்து, சான்றிதழ் நீட்டி அனுப்புவதை நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்பை நீற்றித் தண்ணீரில் ஊறப்போட்டால், அது பதத்துக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும்!

மத்தியானம் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனோம். மேலே ஜெராய் மலை, ஓடைச் சலசலப்பு, புக்கிட் பத்து பாஹாட் சண்டி. 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிய கோயில்; 1960 வாக்கில் அலஸ்டர் லாம் மேற்பார்வையில் மறுபடி எழுப்பியது. பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகளை வேறிடத்தில் பிரித்து இங்கே கொண்டுவந்து கோத்திருக்கிறார்கள். இதுதான் சோழர் கடாரம் என்று பேச ஆரம்பித்தால் நம்மவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. 2013இல் இந்தப் பக்கத்துப் பதினோராம் எண் சண்டியை இயந்திரம் வைத்துத் தரைமட்டமாக்கிய செய்தி வந்தபோது கொதித்தோம். சரி. ஆனால் அதை மறுபடி அடுக்கத் தெரிந்த பையன் நம்மிடம் ஒருவனாவது இருக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு இடுக்கில் கைவைத்து, "இதுக்குள்ள என்ன வச்சுப் பூசியிருப்பாங்க?" என்றான். பிறகு, "இந்த வேலைக்கு நாள் சம்பளம் எவ்வளவு வரும்?" அவன் கேட்டதில் உருப்படியான கேள்வி அதுதான். கட்டுமானத் தளத்தில் நுழையப் பச்சை அட்டை வேண்டும், கையில் ஒரு திறன் சான்றிதழ் வேண்டும், கூடவே சுண்ணாம்பு தெரிந்த மேஸ்திரி ஒருவருக்குக் கீழே ஒரு வருடமாவது நிற்க வேண்டும் என்றேன். அந்த ஒரு வருடம் வீட்டில் அடுப்பு எரிய உதவித்தொகை தருபவர் யார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

திரும்பும்போது ஒரு ஹார்ட்வேர் கடையில் அவனாகவே மோட்டாரை நிறுத்தினான். "சுண்ணாம்பு இருக்கா?" என்று மலாயில் கேட்டான். தவுக்கே கல்லாவிலிருந்து நிமிர்ந்து எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"வெற்றிலைக்கா?"