ஆமுவை எட்டாத ஆறு

தஜிகிஸ்தானின் மலைகளில் பனியாற்றிலிருந்து இறங்கும்போது அதன் பெயர் மட்சா. அய்னியில் ஃபான் ஆறு கலந்த பிறகே ஜராஃப்ஷான். பிறகு மேற்கே உஸ்பெகிஸ்தானுக்குள் ஓடி, புகாராவுக்கு அப்பால் மணலில் மறைந்துவிடுகிறது. ஒரு காலத்தில் ஆமு தரியாவில் கலந்த ஆறு. இன்று ஆமுவை எட்டுவதில்லை. 2023-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கு முதல் காரகும் பாலைவனம் வரை 866 கிலோமீட்டர் பட்டுப்பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோட்டை, சத்திரம், கல்லறை, மினார் எல்லாம் அதில் உண்டு. இவற்றை வாழவைத்த தண்ணீருக்கு யார் காவல் என்பதுதான் என் கேள்வி.

மலை விட்டிறங்கியதும் பஞ்சகெந்த். பக்கத்தில் சராஸ்ம், 5,000 ஆண்டுக்கு முந்தைய ஊர். 1976-இல் விவசாயி ஒருவர் கையில் கிடைத்த வெண்கலக் குத்துவாள்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. அங்கே புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கையில் கடற்சிப்பி வளையல்கள். கடல் எங்கே, இந்த ஊர் எங்கே! சுவரெல்லாம் மண் என்பதால் மழைக்குக் கரையாமலிருக்கத் தோண்டிய குழிகளுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள்.

பழைய பஞ்சகெந்த் சோக்தியர் என்ற பழங்கால மக்களின் நகரம். வீட்டுச் சுவர்களில் பாரசீக நாயகன் ருஸ்தமின் வீரக்கதையும் தீட்டியிருந்தார்கள், நம் பஞ்சதந்திரக் கதைகளையும் தீட்டியிருந்தார்கள். 722-இல் அரபுப் படை வந்தது. மன்னன் தேவஷ்டிச் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். இந்த இடிபாடுகளில் அரை நூற்றாண்டு தோண்டிய தொல்லியலாளர் போரிஸ் மார்ஷக் 2006-இல் இங்கேயே இறந்தார், இங்கேயே அடக்கமானார்.

சமர்கண்டைப் பற்றி எழுதாதவர் இல்லை. ரெகிஸ்தான் சதுக்கத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். அங்கே ஆறு அக் தரியா, கரா தரியா என இரண்டாகப் பிரிந்து பிறகு கூடுகிறது. கரையோரத் துகாய்க் காட்டின் மிச்சத்தையும் அதில் வாழும் ஃபெசன்ட் பறவையையும் காக்க 1975-இல் ஒரு காப்பகம் அமைத்தார்கள். மற்றபடி தண்ணீர் கால்வாய் கால்வாயாய்ப் பருத்திக்குப் போய்விடுகிறது.

புகாரா குடித்தது குளத்துத் தண்ணீர். கால்வாய் நிரப்பிய கல்படிக் குளங்கள், ஹவுஸ் என்பார்கள், நூறுக்குக் குறையாமல் இருந்தன. தோல்பையோடு தண்ணீர்க்காரர் படியிறங்கிக் காலை நனைப்பார். காலில் இருக்கும் புழு குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதைக் குடித்தவருக்கு அடுத்த ஆண்டு நரம்புச் சிலந்தி நோய். 1920-களில் இசாயெவ் என்ற மருத்துவர் இதற்கு எதிராக இறங்கினார். நோய் ஒழிந்தது, பெரும்பாலான குளங்களும் தூர்ந்தன. 1620-இல் வெட்டிய லாபி ஹவுஸ் தப்பியது. அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபமில்லை.

புகாராவுக்குத் தென்மேற்கே பைகெந்த், வணிகர்களின் ஊர். ஆறு பின்வாங்கியதும் ஜனங்கள் போய்விட்டார்கள். 1127-இல் புகாராவின் கல்யான் மினாரைக் கட்டிய அர்ஸ்லான் கான் அந்த ஊரைத் திரும்பவும் குடியேற்ற வாய்க்கால் வெட்டிப் பார்த்தார். வழியில் பாறை குறுக்கிட, கைவிட்டார்.

1960-களிலிருந்து ஆமுவின் தண்ணீரைப் பம்பு வைத்து மேலேற்றிப் புகாராவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆறு போய்ச் சேராத இடத்திலிருந்து தண்ணீர் எதிர்த்திசையில் வருகிறது. பாசனத்தால் நிலத்தடி நீர் ஏறுகிறது, கூடவே உப்பும் ஏறுகிறது. 1993-இல் பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்தின் செங்கற்களை அந்த உப்பு அரித்துக்கொண்டிருக்கிறது.