பலகை மேல் நெருப்பு

ஆலப்புழை படகுத்துறையில் ஏறி உட்கார்ந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி ஊரோ பேரோ அல்ல. "கரிமீன் பொரிச்சது வேணுமா, பொள்ளிச்சது வேணுமா, சாரே?"

மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கு 'பொள்ளிச்சது' என்ற சொல்லுக்கு இன்றுவரை சரியான தமிழ் கிடைக்கவில்லை. மலையாளத்தில் சூடு பட்டுக் கை கொப்புளித்தால் 'பொள்ளி' என்பார்கள். சட்டியில் நடப்பது அத்தனை கொடூரமில்லை. மீனைக் கீறி மிளகு, மஞ்சள், உப்பு தடவி லேசாகப் பொரிக்கிறார்கள். சின்ன வெங்காயம், இஞ்சி, தக்காளி வதக்கி, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுச் சுண்டிய மசாலாவை இருபுறமும் அப்புகிறார்கள். பிறகு வாட்டிய வாழையிலையில் பொட்டலமாகக் கட்டிக் கல்லில் போட்டுப் புரட்டுகிறார்கள். இலை கருகும்; மீன் கருகாது. அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில், தண்ணீரில் ஊறிய சீடர் மரப் பலகை மேல் சால்மன் மீனை வைத்து நெருப்பில் காட்டுவார்கள். அங்கே பலகை செய்கிற வேலையை இங்கே இலை செய்கிறது.

குட்டநாட்டில் பலகை இருப்பது காலுக்குக் கீழே. நான் ஏறியது கெட்டுவள்ளம். ஆஞ்சிலி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்து, மேலே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கட்டிய வள்ளம். பழைய முறைப்படி ஆணியே கிடையாது. மரம், கயிறு, நார், எண்ணெய் என்று எல்லாமே எளிதில் தீப்பிடிக்கிறவை. இதில் ஏறி நாள்கணக்கில் சரக்கு கொண்டுபோனவர்கள் எங்கே உலை வைத்தார்கள்?

படகின் சமையற்காரரிடம் கேட்டேன். அறுபதைத் தாண்டியவர். சிறுவனாக அப்பாவின் வள்ளத்தில் போனவர். குட்டநாட்டு நெல்லை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போய், பலசரக்கோடு திரும்புவார்களாம். பெரிய வள்ளம் 30 டன் வரை தாங்கும். "அமரத்தில ஈர மணல், அதுக்கு மேல மண் அடுப்பு. மணல் காயாம பார்த்துக்கிறதுதான் என் வேலை, சாரே. காய்ஞ்சா அப்பாகிட்ட அடி" என்றார்.

பாலங்களும் லாரிகளும் வந்தன. வள்ளங்கள் கரையேறின. 1990களில் அவற்றின் மேல் மூங்கிலும் பாயும் வேய்ந்து, படுக்கை போட்டு, சுற்றுலாப் பயணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். இப்போது ஏ.சி., ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. அடுப்பு கேஸ் அடுப்பு. வீட்டுப் படகுகள் எரிந்து நாசமான செய்திகளைப் படித்தவர்கள் இங்கே கரி அடுப்பு கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

மாலை ஐந்தரைக்குப் படகு கரையொதுங்கியது. இருட்டினால் காயல் மீனவர்களின் வலைகளுக்கு உரியது. வீட்டுப் படகுகள் நகரக் கூடாது. மதியம் தின்ற கரிமீன் பொள்ளிச்சது அருமை என்று சேட்டனிடம் சொன்னேன். அவர் முகத்தில் பெரிய மகிழ்ச்சி தெரியவில்லை.

"அது மசாலாவோட ருசி. மீன் ஆந்திராக்காரன்."

ஆந்திரக் குளங்களில் வளர்ந்து ஐஸ் பெட்டியில் வரும் கரிமீன் கேரளச் சந்தைக்குப் புதிதல்ல. ஆனால் வேம்பநாட்டுக் காயலின் நடுவில் உட்கார்ந்து அதைத் தின்றிருக்கிறேன் என்பது கொஞ்சம் உறைத்தது. கரிமீன் கேரளத்தின் மாநில மீன்; 2010இல் அறிவித்தார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் கல்லிலும் மரக்கட்டையிலும் முட்டைகளை ஒட்டவைத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்கும் மீன் அது. வண்டலும் கழிவும் மூடிய அடித்தரையில் அது எங்கே முட்டையிடும்? முஹம்மை பக்கத்தில் மீனவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து காயலில் மரக்கிளைகளை நட்டு, அங்கே வலை வீசுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர்முக்கம் தடுப்பணை வேறொரு கதை. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களில் உப்பு ஏறாமலிருக்க 1970களில் கட்டி முடித்தது. கோடையில் மதகுகளை மூடுவார்கள். நெல்லுக்கு நல்லது. உப்புத்தண்ணீருக்கும் நல்லதண்ணீருக்கும் போய்வந்தால்தான் இனம் பெருக்க முடிகிற ஆற்றுக்கொஞ்சுக்கு அது பூட்டிய கதவு. அடைத்த பக்கம் தண்ணீர் ஓட்டமின்றித் தேங்குகிறது; ஆகாயத்தாமரை மண்டுகிறது. விவசாயி மூடு என்கிறார், மீனவர் திற என்கிறார். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருப்பார்கள். சில வீடுகளில் ஒரே ஆள்தான்.

சேட்டன் இறங்கிப் போய் ஒரு சின்ன வள்ளத்தோடு திரும்பினார். அடியில் உள்ளங்கை உயரத்துக்கு மணல். அதில் தண்ணீர் தெளித்து, பழைய இரும்புச் சட்டியை வைத்து, கொட்டாங்கச்சியைக் கொளுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் அன்று பிடித்த இரண்டு கரிமீன் கையில் இருந்தது. உள்ளங்கையளவுதான். பெரிதாக ஒன்றுகூட இல்லையா என்றேன். "பெரிசு இருந்தா ஓட்டலுக்குப் போயிருக்கும்" என்றார்.

குடலை மட்டும் எடுத்தார். செதிலைத் தொடவில்லை. உப்பைத் தேய்த்து, தணல் மேல் கம்பியில் கிடத்தினார். காற்றில் வள்ளம் ஆட, தணலும் ஆடியது. அவர் கண் மீன் மேல் இல்லை, மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கை நிறையத் தண்ணீர் அள்ளித் தெளித்தார்.

வெந்ததும் தோல் செதிலோடு சட்டை போலக் கழன்று வந்தது. காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்டுத் தந்தார். முதல் வாயில் காயலின் வாடை கொஞ்சம் அடித்தது, சேற்று வாடைதான். பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காது. இரண்டாவது வாயிலிருந்து நான் பேசவில்லை. மதிய மீனில் இந்த வாடை இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஆந்திராக்காரனை இப்படிச் சுட்டா?"

"சுட மாட்டேன். அவனுக்கு மசாலா வேணும்."

தின்று முடிப்பதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. மறுநாள் வருகிற குடும்பத்தில் எட்டுப் பேர். எல்லாருக்கும் கரிமீன் பொள்ளிச்சது. பதினாறு மீன், நடுத்தர அளவு, ஐஸ் நிறையப் போடச் சொல்லி யாருக்கோ சொன்னார். பிறகு சட்டியைக் காயலில் அமிழ்த்தினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. மணலை ஒதுக்கி, அடிப்பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். இன்னொரு இடத்திலும் தடவினார். சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கரையேறினார்.