நான் திருத்திய ழகரம்



1998-ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் அம்மா’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். மாணவன் ஒருவன் இவ்வாறு எழுதியிருந்தான்: “என் அம்மா செம்பனைக் காட்டில் மருந்து அடிக்கிறார். அம்மாவின் நகம் விளுந்து விட்டது.”

‘விளுந்து’ என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘விழுந்து’ எனத் திருத்தினேன். பத்துக்கு ஆறு மதிப்பெண் வழங்கினேன். நகம் ஏன் விழுந்தது என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்களில் அந்தத் தாய் நோயுற்று வேலைக்குப் போக இயலாமல் நின்றார். லயன் வீடு தோட்டத்துக்கு உரியது. வேலை இருக்கும்வரைதான் வீடு. குடும்பம் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போயிற்று. வகுப்பில் ஒரு நாற்காலி வெறுமையானது. அன்று வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை நீக்கியதோடு என் கடமை முடிந்ததாகவே எண்ணினேன்.

பல ஆண்டுகள் கழித்து ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையாரைப் பற்றிப் படித்தபோது அந்தக் கட்டுரை என் கண்முன் மீண்டும் வந்து நின்றது. சுங்கைப் பட்டாணியில் 1946-இல் பிறந்த அவர், என்னைப் போலவே ஓர் ஆசிரியர். 1970-இல் ஆசிரியப் பணியைத் துறந்து, கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த இளம் கிறித்துவத் தொழிலாளர் இயக்கத்தில் முழுநேரத் தொண்டரானார்.

பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் ஜோசப் கார்டைன் தொடங்கிய இயக்கம் அது. அதன் பயிற்சிமுறை மூன்றே சொற்களில் அடங்கும்: காண், ஆய்ந்து தெளி, செயல்படு. தொழிலாளியின் வாழ்வை நேரில் காண வேண்டும். அது அறத்துக்கு ஏற்றதா என ஆய்ந்து தெளிய வேண்டும். பின்னர் அதை மாற்றச் செயல்பட வேண்டும். 1961-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் இம்முறையைத் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார்.

அம்மையார் 1991-இல் ‘தெனாகானித்தா’ அமைப்பைத் தோற்றுவித்தார். தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நிலையை அவ்வமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பொன்றுடன் சேர்ந்து ஆராய்ந்து, 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. குடியேறித் தொழிலாளர்கள் தடுப்பு முகாம்களில் படும் துன்பத்தை 1995-இல் வெளிப்படுத்தியதற்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2003-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2008-இல்தான் விடுதலையானார்.

தோட்டங்களில் களையை அழிக்கப் பயன்பட்ட பாராகுவாட் என்பது கொடிய நஞ்சு. நகத்தைச் சிதைக்கும், தோலைப் புண்ணாக்கும், மூக்கில் குருதி கசியச் செய்யும். உட்கொண்டவரைக் காக்க மாற்று மருந்து கிடையாது. இந்த நஞ்சுக்குத்தான் நாம் ‘மருந்து’ என்று பெயரிட்டிருந்தோம்! நம் நாட்டில் 2002-இல் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டது, 2006-இல் தளர்த்தப்பட்டது, 2020 சனவரி முதல் நாள்தான் முழுத்தடை நடப்புக்கு வந்தது. அதைக் காண அம்மையார் இல்லை. 2014-இல் அவர் மறைந்துவிட்டார்.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், மண்ணின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்கிறது. குடியிருக்க வீடு என்பது மனித மாண்பின் பகுதி என்றும் அது வலியுறுத்துகிறது. நான் சைவ நெறியில் வளர்ந்தவன். எனினும் அதைப் படித்தபோது என் மாணவனின் இரண்டு வரிகளே நினைவுக்கு வந்தன. மண்ணில் தெளித்த நஞ்சு, தாயின் விரலில் விழுந்த நகம், கையைவிட்டுப் போன வீடு ஆகிய மூன்றும் ஒரே கதைதான். நான் அவற்றை மூன்றாகக்கூடப் பார்க்கவில்லை. ஓர் எழுத்துப்பிழையாக மட்டுமே பார்த்தேன்.

ஆசிரியர்கள் அனைவரும் பணியைத் துறந்து போராட வரவேண்டும் என்று நான் கூறவில்லை. நமக்கு வாய்த்த களம் வகுப்பறை. மாணவர் வாழ்வு நம் மேசைக்குத் தானாகவே வருகிறது, கட்டுரை வடிவில். இப்பொழுதெல்லாம் ஒவ்வொரு கட்டுரையையும் இருமுறை படிக்கிறேன். முதல்முறை பேனாவைக் கையில் எடுப்பதில்லை. பிள்ளை என்ன சொல்ல வருகிறான் என்று பார்க்கிறேன்; ஐயம் எழுந்தால் தனியே அழைத்துக் கேட்கிறேன்; தேவைப்பட்டால் வீட்டுக்கே செல்கிறேன். இரண்டாம் முறைதான் பிழை திருத்துகிறேன்.

பெற்றோர்களே, வேலையிடத்தில் உங்களுக்கு நேரும் துன்பத்தைப் பள்ளியிடம் சொல்லத் தயங்காதீர்கள். உங்கள் பிள்ளை அதை எப்படியும் எழுதிவிடுவான்.

அந்த மாணவனுக்கு இன்று முப்பது வயதைத் தாண்டியிருக்கும். எங்கேனும் அவனைக் காண நேர்ந்தால், அன்று கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்பேன். மன்னிப்பும் கேட்பேன்.