எண்ணிச் சென்று எண்ணித் திரும்புவோம்

தூண்டிலில் விருப்பமுள்ள எங்கள் வீட்டார், மென்பிளாஸ்டிக் இரைகளைக் கடையில் வாங்காமல் நாங்களே வார்த்துக்கொள்கிறோம். 1949இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டில் செய்த பிளாஸ்டிக் புழுவே இவற்றுக்கு முன்னோடி.

மென்மரத்தில் புழு வடிவத்தைச் செதுக்கி, வார்னிஷ் பூசி உலர்த்துவோம். பிறகு வாசலின் தடவிப் பாதியளவு களிமண்ணில் பதித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுவோம். இறுகியதும் களிமண்ணை நீக்கி, மீண்டும் வாசலின் தடவி மறுபாதியை ஊற்றினால் அச்சு அமையும். அதைப் பல நாள் உலர்த்துதல் வேண்டும். ஈரம் எஞ்சியிருப்பின், சூடான பிளாஸ்டிசால் பட்டதும் நீராவி எழுந்து தெறிக்கும். பால் போன்ற அத்திரவம் ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸில் தெளியும். மிகுந்து சூடேறினால் கருகி நச்சுப்புகை கக்கும். ஆகவே சமையலறையைத் தவிர்த்து, திறந்த வெளியில், இதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து பெரியவர்களே இதைச் செய்கிறோம்.

உயிருள்ள புழுவை முள்ளில் கோர்த்துத் துடிக்கவிட வேண்டியதில்லை என்பதே எங்களை இதன்பால் ஈர்த்தது. எனினும் புழு மக்கும். பிளாஸ்டிக் எளிதில் மக்காது. அறுந்து விழுந்ததை விழுங்கும் மீனின் வயிற்றில் அது தங்கிவிடக்கூடும். ஓர் உயிருக்கு இரங்கி மற்றோர் உயிரை வதைப்பது இரக்கமாகுமா?

ஆதலால் இரைகளை எண்ணி எடுத்துச் செல்கிறோம்; எண்ணித் திரும்புகிறோம். கிழிந்தவற்றை உருக்கி மீண்டும் வார்க்கிறோம். பாறையில் சிக்கி அடிக்கடி அறுபடும் இடத்தில் தூண்டில் வீசுவதில்லை. கடலும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே. அதில் விட்டு வருவதற்கும் நாளை கேள்வி கணக்கு உண்டு.