கத்திரி வெயிலும் ஒரு பானை மோரும்

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 1980களில் நான் அங்கே குமாஸ்தா. ஏ.சி. என்பதை சினிமா தியேட்டரில்தான் பார்த்திருக்கிறோம். ஆபீஸ் ஹாலில் பதினைந்து பேருக்கு மூன்று ஃபேன். "வேகமா சுத்தினா பேப்பர் போகும், மெதுவா சுத்தினா உயிர் போகும்" என்பார் ஹெட் கிளார்க்.

அதிகாரி அறை ஜன்னலில் மட்டும் வெட்டிவேர்த் தட்டி. மேல்காற்று அதில் பட்டு உள்ளே வரும்போது அறையே மணக்கும். வறண்ட காற்றில் ஈரம் சட்டென்று ஆவியாகும்; குளிர்ச்சி அதனால்தான். கடற்காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் இது அவ்வளவாக எடுபடாது. அந்தத் தட்டிக்கு மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்கும் பியூன் நிற்பதோ வெளியே, வெயிலில்.

ஒருநாள் அவர் மயங்கி விழுந்தார். "வியர்வையோட உப்பும் போயிடும், வெறும் தண்ணி போதாது" என்றார் டாக்டர். மறுநாளே காசு சேர்த்து, மண்பானையில் உப்பு போட்ட நீர்மோர் வைத்தோம். தண்ணீர் தெளிப்பதையும் முறை போட்டுக்கொண்டோம். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, மூன்றாம் நாள் தானே வாளியைத் தூக்கினார்.

இப்போது என் வீட்டில் ஏ.சி. இருக்கிறது. ஆனால் மே மாதத்தில் கூரியர் கொண்டுவரும் பிள்ளைக்கு முதலில் ஒரு டம்ளர் மோர், கையெழுத்தெல்லாம் அப்புறம்தான்.