கழிவின் பெயர் மாறிய கதை

1979ஆம் ஆண்டில் ‘அக்ரிகல்சுரல் வேஸ்ட்ஸ்’, அதாவது ‘வேளாண் கழிவுகள்’ என்ற பெயரில் ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. 1987இல் அதன் பெயர் ‘பயலாஜிக்கல் வேஸ்ட்ஸ்’ என மாறியது. 1991இல் அது ‘பயோமாஸ்’ என்ற மற்றோர் இதழுடன் இணைந்து ‘பயோரிசோர்ஸ் டெக்னாலஜி’ ஆயிற்று. பன்னிரண்டே ஆண்டுகளில் கழிவு என்ற சொல் அட்டையை விட்டு நீங்க, அந்த இடத்தில் உயிரிவளம் என்ற சொல் அமர்ந்தது. 2010இல் ‘வேஸ்ட் அண்ட் பயோமாஸ் வேலரைசேஷன்’ வெளிவரத் தொடங்கியபோது கழிவு மீண்டும் அட்டைக்கு வந்தது. ஆனால் இம்முறை ‘மதிப்பூட்டல்’ என்ற துணையோடு வந்தது. ஒரு துறையின் வரலாற்றை அதன் இதழ்களின் பெயர்களிலேயே படித்துவிட முடிகிறது.

பெயர் மாறும்போது கேட்கப்படும் கேள்வியும் மாறுகிறது. ஒரு பொருளைக் கழிவு என்று அழைத்தால், அதை அப்புறப்படுத்த எவ்வளவு செலவாகும் என்று கேட்போம். வளம் என்று அழைத்தால், அதிலிருந்து என்ன எடுக்கலாம் என்று கேட்போம். எரிசாராயம், நொதி, உயிரிக்கரி, மக்கும் நெகிழி என்று இத்துறை விரிந்தது இந்த இரண்டாம் கேள்வியால்தான்.

இந்த மாற்றத்தை அருகிலிருந்து காண மைசூரு ஏற்ற ஊர். 1950 அக்டோபர் 21 அன்று செலுவாம்பா மாளிகையில் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அங்கே இருக்கிறது. 1985இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த லோன்சேனும் உடன் ஆய்வாளர்களும் திடநிலை நொதித்தலின் பொறியியல் கூறுகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். தவிடு, உமி போன்றவற்றை ஈரப்படுத்தி, தேங்கி நிற்கும் நீர் இல்லாமல், அவற்றின் மேல் பூஞ்சையை வளர்த்து நொதிகளைப் பெறும் முறை அது. சில கிராம் தவிட்டில் இது எளிது. குவியல் பெரிதானால் பூஞ்சை வெளியிடும் வெப்பம் நடுவில் தங்கிவிடும். வளர்க்க வேண்டிய உயிரையே அது கொன்றுவிடும். குடுவையிலிருந்து ஆலைக்குச் செல்லும் வழியில் நிற்கும் தடை எது என்பதை அன்றே இத்துறை தன் கேள்வியாக எடுத்துக்கொண்டிருந்தது.

2012இல் அதே நிறுவனத்தின் புஷ்பா மூர்த்தியும் மாதவ நாயுடுவும் காப்பித் தொழிலின் துணைப்பொருள்களை நீடித்த முறையில் மேலாளுவதையும் அவற்றுக்கு மதிப்புக் கூட்டுவதையும் பற்றி ஒரு மதிப்புரைக் கட்டுரை வெளியிட்டனர். தலைப்பில் ‘கழிவு’ இல்லை, ‘துணைப்பொருள்’ இருக்கிறது. மைசூருவை அடுத்த குடகு, நாட்டின் காப்பியில் பெரும்பங்கைத் தரும் மாவட்டம். பழத்தை நீரில் பதப்படுத்திக் கொட்டையைப் பிரிக்கும்போது, பழத்தின் எடையில் சுமார் 40 சதவீதம் சதையாகவும் தோலாகவும் ஒதுங்குகிறது. அதில் காஃபீனும் டானினும் இருப்பதால் மாட்டுக்கு மிகுதியாகத் தீவனமாக்க இயலாது. கழுவிய நீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால், ஓடையின் உயிர்வளியை அது குடித்துவிடும். அவ்வோடைகள் பலவும் சென்று சேர்வது காவிரியில். ஆகவே குடகின் காப்பிச் சதை என்ன ஆகிறது என்பது தஞ்சைக்கும் உரிய கேள்வி.

இனி மொழியைக் கவனிப்போம். இத்துறையின் கட்டுரைத் தலைப்புகளை வரிசையாகப் படிப்பவர் சில சொற்களை ஓயாமல் சந்திப்பார்: சாத்தியம், உகப்பாக்கம், நீடித்த தன்மை, சுழற்சிப் பொருளாதாரம். தமிழில் சொன்னால், இத்துறையின் இலக்கணம் ‘லாம்’ என்ற விகுதியில் நிற்கிறது. எரிசாராயம் எடுக்கலாம், நொதி எடுக்கலாம், கரியாக்கலாம், உரமாக்கலாம். ‘எடுத்தார்கள், இன்ன ஊரில், இத்தனை டன், இத்தனை ஆண்டுகளாக’ என்று முடியும் இறந்தகால வாக்கியங்கள் அரிது. மைசூருவுக்கு அவ்வாக்கியம் தெரியாதது அன்று. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறை அதே நிறுவனத்தில் உருவாகி, அமுல் வழியாக நாடெங்கும் வீடுகளுக்குச் சென்றது.

‘லாம்’ ஏன் பெருகுகிறது? பதிப்பிக்கும் முறையிலேயே விடை இருக்கிறது. குடுவையில் செய்யும் சோதனை சில மாதங்களில் முடியும். தோட்டத்தில் செய்யும் சோதனை அறுவடைக்குக் காத்திருக்க வேண்டும். காப்பி அறுவடை நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஒரு முறை தவறினால் ஓர் ஆண்டு போயிற்று. முனைவர்ப்பட்ட மாணவருக்கு அப்படிப் போக்க ஆண்டுகள் இல்லை. ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கைவிட்டது உண்மைதான். ஆனால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் எண்ணிக்கை இன்னும் பேசுகிறது. எனவே முறை அப்படியே இருக்க, மூலப்பொருள் மட்டும் மாறுகிறது. நேற்று மாங்கொட்டை, இன்று பலாத்தோல், நாளை பாக்கு மட்டை. ஒவ்வொன்றும் ஒரு புதிய கட்டுரை.

வெளிவராதவை இன்னொரு பக்கம் குவிகின்றன. நொதித்தொட்டி சூடேறி வீணான நாள், ஈரச் சதையைச் சுமந்து வந்த லாரியின் வாடகை, மழை பெய்த வாரத்தில் பிடித்த பூசணம் ஆகியவை எந்த இதழிலும் ஏறுவதில்லை. ஆகவே ஒரு மாணவர் கண்ட தோல்வியை, மற்றொரு நகரத்தில் மற்றொரு மாணவர் மீண்டும் முதலிலிருந்து காண்கிறார்.

நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணிப் படிக்கும் கலைக்கு 1948இலேயே ‘லைப்ரமெட்ரி’ எனப் பெயரிட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இன்று குறிச்சொற்களை வலைப்பின்னலாக வரைந்து, எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்று நொடியில் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. அவை பயனுள்ளவை. எனினும் அச்சில் வந்ததை மட்டுமே அவை எண்ணுகின்றன. வரைபடத்தில் பெரிய வட்டமாகத் தெரியும் சொல், ஊரில் பெரிய வேலை நடந்ததற்குச் சான்றாகாது.

படிப்பவர் யார் என்பதும் கேள்விதான். 1964இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் ஃபுட் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி’ மைசூருவில் தலைமையகம் கொண்ட இந்திய உணவு அறிவியலார் சங்கத்தின் இதழ்; 2010 முதல் ஸ்பிரிங்கர் வழியாக வெளிவருகிறது. அதனால் உலகம் அதை எளிதாகக் காண்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபின், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. ஐந்து ஏக்கர் காப்பி வைத்திருப்பவர் அந்த நிறுவனங்களுக்குள் இல்லை. அவர் பேசும் மொழியும் அந்த இதழ்களில் இல்லை. இத்தனைக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் அதே மைசூருவில்தான் இயங்குகிறது.

அம்மொழிகளோ இவ்விஷயத்தில் ஏழை அல்ல. உமி, தவிடு, பிண்ணாக்கு, சக்கை, மட்டை, சருகு, எரு என்று ஒவ்வொரு மிச்சத்துக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. பெயர் இருந்தது, ஏனென்றால் போய்ச் சேரும் இடம் இருந்தது: தவிடும் பிண்ணாக்கும் மாட்டுக்கு, உமி அடுப்புக்கு, எரு வயலுக்கு. குப்பை என்ற சொல்லுக்கே பல ஊர்களில் இன்றும் உரம் என்றுதான் பொருள். வயலுக்குக் குப்பை அடிப்பார்கள். கன்னடத்திலும் ‘கசதிந்த ரச’ என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த தொடர். குப்பையிலிருந்து சாறு என்று பொருள். ‘வேலரைசேஷன்’ என்ற சொல் வருவதற்கு முன்பே அந்தக் கருத்து வீட்டுக் கொல்லையில் இருந்தது.

ஆய்வைக் குறைக்கச் சொல்வது இதன் நோக்கமன்று. குடுவையில் தொடங்காத ஆலை ஏதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு கட்டுரையும் இன்னும் நான்கு செய்திகளைத் தரக்கூடும்: எத்தனை கிலோவில் செய்தது, எத்தனை லிட்டர் நீர் செலவானது, மூலப்பொருள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, எது பலிக்கவில்லை. அத்துடன், அந்தப் பொருள் விளையும் ஊரின் மொழியில் ஒரு பக்கச் சுருக்கம். கன்னடத்தில் ஒரு பக்கம் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். இந்தப் பக்கங்களுக்கு மதிப்பெண் தர ஒரு நெறியாளரோ, ஓர் ஆய்வுக்குழுவோ முன்வந்தால், அடுத்த ஆண்டின் மாணவர்கள் அவற்றை எழுதுவார்கள்.

வரும் நவம்பரிலும் குடகில் பழம் பழுக்கும், சதை குவியும்.